முடிந்தது என்பதற்கான சைகை

முன்பு இங்கே கம்பளம் விற்றார்கள்.
சுவர்கள் வெறும் அட்டை.
பக்கத்து அறையில் ஐலி நிஸ்கனென்
"ப... ப... பந்து" என்று நாற்பதாவது முறை சொல்வது
என் அறைக் குழந்தைக்கும் கேட்கும்.
ஊஞ்சலிலிருந்து அது "ப" என்று பதில் சொன்னால்
அந்த "ப" யார் கணக்கில் சேரும் என்று
சிரித்துக்கொள்வோம்.
சிரிக்க நேரம் ஒதுக்கப்படவில்லை,
ஆகவே வேகமாக.

மார்க்வெட்டில் பனி கொட்டினால்
பள்ளி மூடும், துறைமுகம் மூடும்.
நாங்கள் திறந்திருப்போம்.
வராத குழந்தைக்குக் கூலி இல்லை;
வராத குழந்தைக்காகப் பாய் விரித்து
விளக்கைப் போட்டுக் காத்திருக்கத் தடையும் இல்லை.
ஜனவரியில் பதினொரு நாள் அப்படிக் காத்திருந்தேன்.
மதிய உணவு, பிள்ளைகளுக்கு நான் வாங்கி வைத்த பிஸ்கட்.

குறிப்புகளை வண்டியில் எழுதுகிறேன்
ஹீட்டரை ஓடவிட்டு, மடிக்கணினியை ஸ்டீயரிங்கில் சாய்த்து:
லீலண்ட், வயது ஐந்து.
இன்று இரண்டு விரலால் பொத்தானைப் பிடித்தான்.
அந்த இரண்டு விரலுக்குப் பின்னால் ஏழு மாதம் இருக்கிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பெட்ரோலுக்கும் இல்லை.

செப்டம்பரில் லீலண்ட் என் மணிக்கட்டைக் கடித்தான்.
அவன்மேல் பிழையில்லை.
தலைக்கு மேலே ஒரு குழல்விளக்கு
மூன்று வாரமாகத் துடித்துக்கொண்டிருந்தது,
நமக்கு அது வெளிச்சம், அவனுக்கு இரைச்சல்.
மாற்றச் சொல்லி நான்கு முறை எழுதியிருந்தேன்.
விபத்துப் படிவத்தில் ஆறாவது கேள்வி:
இதைத் தவிர்க்க நீங்கள் என்ன செய்திருக்கலாம்?
ஏணி வாங்கியிருக்கலாம், என்று எழுதினேன்.

வேலையை விடலாம்தான்.
விட்டால் இரண்டு வருடத்துக்கு
முப்பது மைல் சுற்றளவில் இதே தொழில் செய்யக்கூடாது,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன், படிக்காமல்,
இருபத்து நான்கு வயதில், கல்விக் கடனோடு.
ஒருநாள் குழந்தைகளின் மழுங்கிய கவராயத்தை எடுத்து
வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன்.
பாதி ஏரிக்குள் விழுந்தது.
டிரௌட் மீன்களுக்கு வாய்திறந்து பேசக் கற்றுத்தருவதையும்
எனக்குத் தடுத்துவிட்டார்கள்.

பிறகு எங்களை யாரோ வாங்கினார்கள்.
டல்லாஸிலிருந்து ஒருவர் திரையில் வந்தார்,
பின்னால் நல்ல செடி.
எங்கள் நேரத்தில் எண்பத்தைந்து சதவீதம்தான்
பணமாகிறதாம். தொண்ணூற்றிரண்டு ஆக்க வேண்டுமாம்.
மீதி எட்டில்தான் நாங்கள் சிறுநீர் கழிக்க வேண்டும்,
உமிழ்நீர் பட்ட பொம்மைகளைத் துடைக்க வேண்டும்,
கதவருகே அழும் அப்பாவிடம்
அவன் நன்றாகத்தான் வருகிறான் என்று சொல்ல வேண்டும்.
முதுகுப் பட்டை கட்டிய ராய்ஸ் டெர்வோ
கூட்டம் முழுக்க நின்றுகொண்டே இருந்தான்.
உட்கார்ந்தால் எழ முடியாது.
கேள்விகள் உண்டா என்று திரை கேட்டது.

கேள்வி இல்லை.
ஐலி மட்டும் மேசைமேல் இரண்டு கைகளை வைத்தாள்,
உள்ளங்கை தன் பக்கம்.
பிறகு, பேச்சு வராத பிள்ளைகளுக்கு
நாங்கள் முதல் மாதமே சொல்லித்தரும் விதமாக,
இரண்டையும் வெளிப்பக்கம் புரட்டினாள்.
போதும். முடிந்தது. இறக்கிவிடு.
கத்தாமல், கடிக்காமல் இதைச் சொல்ல முடியும் என்று
ஒரு குழந்தைக்குப் புரிகிற நாளில்
நாங்கள் கேக் வெட்டுவோம்.

பெர்னடெட் லகோம்ப் கைகளைத் தூக்கினாள்.
நானும். ராய்ஸும், வலிக்காத தோள் உயரம் வரை.
எட்டு கைகள் புரண்டு புரண்டு.

திரையில் இருந்தவர் முகம் மலர்ந்து
எங்களைப் பார்த்துப் பதிலுக்குக் கையசைத்தார்.

அவர் போன பிறகும் சற்று நேரம்
யாரும் கைகளைக் கீழே இறக்கவில்லை.
வெளியே மறுபடி பனி பிடித்துவிட்டது.
நாளை எட்டு மணிக்கு லீலண்ட்,
வந்தால்.